கொசுறாகப் போன குரல்

அம்மாவின் குரலுக்கு மாதம் ஒரு காப்பி விலை என்று போட்டிருந்தான். அதிலும் முதல் மாதம் இலவசம்.

விலை போட்டவன் பெற்ற மகன். ஆபீஸில் அவனுக்குப் பீட்டா என்று பெயர். முழுசாக வேகாத மென்பொருளை ருசி பார்க்கச் சொல்லி ஊருக்குள் விடுவார்கள், அதைத்தான் அந்தத் தொழிலில் பீட்டா என்பார்கள். இவன் சொந்தமாகச் செய்த எதுவும் அந்த நிலையைத் தாண்டியதில்லை என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. பகலெல்லாம் ஒரு கம்பெனிக்கு உழைப்பான். மிச்ச நேரத்தில் சொந்தச் சரக்கு.

மறந்து வைத்த குடையைத் தேடித் தரும் செயலி ஒன்று செய்தான். குடை இப்போது எங்கே இருக்கிறது என்பதை அது சொல்லாது, கடைசியாக நம்மிடம் எப்போது இருந்தது என்பதை மட்டும் சொல்லும். முடிவெட்டும் கடையில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று காட்ட ஒன்று செய்தான். முடிவெட்டுகிறவரைத் தவிர யாரும் அதைப் போனில் வைத்துக்கொள்ளவில்லை. அவரும் பையன் மனசு நோகக்கூடாதே என்று வைத்திருந்தார். ஒரே அறையில் தங்கியிருப்பவர்களில் இன்று யார் பாத்திரம் கழுவ வேண்டும் என்று முறை சொல்லும் செயலி வந்தது. அதை நம்பிய இரண்டு சிநேகிதர்கள் இப்போது வேறு வேறு தெருவில் குடியிருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் வெளியிடும் நாளில் குளித்துவிட்டு, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, பிரசவ அறை வாசலில் நிற்கும் புருஷன் மாதிரித் திரையையே பார்த்துக்கொண்டிருப்பான். வந்தவர்கள் எண்ணிக்கை ஒன்று என்று காட்டும். அந்த ஒன்று அவனேதான்.

அம்மாவுக்குப் பொத்தான் கடை. நூல், ஊசி, ஜிப், எலாஸ்டிக், லேஸ் எல்லாம் உண்டு என்றாலும் பெயர் என்னவோ பொத்தான் கடைதான். கீழே கடை, மேலே வீடு. அப்பா போன பிறகு கடையையும் மகனையும் அவள்தான் நிமிர்த்தினாள். அவளுடைய முதல் சரக்கு அலமாரியில் இருக்கவில்லை, தொண்டையில் இருந்தது.

"இந்தக் கோட்டுப் பொத்தான் டஜன் என்ன விலைக்கா?" என்று பக்கத்துச் சந்துத் தையல்காரர் கேட்பார்.

"உங்களுக்கா, ஊருக்கா?"

"எனக்குத்தான்."

"உங்களுக்குன்னா கூடத்தான் சொல்லணும். போன தடவை உங்களுக்குக் குறைச்சுக் கொடுத்துட்டு ரெண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கலை."

"அதுக்கு நான் என்னக்கா பண்றது?"

"சாப்பாட்டுச் செலவைச் சேர்த்துக் கொடுங்க."

இப்படி ஏறும், இறங்கும், கோபித்துக்கொள்ளும், சமாதானமாகும். வாங்குகிறவர் கெலித்த திருப்தியோடு போவார், அம்மா லாபத்தோடு உட்காருவாள். விலை படிந்ததும் டஜனுக்கு மேல் ஒரு பொத்தான் எடுத்துப் பொட்டலத்தில் போடுவாள். கொசுறு. "அது இல்லேன்னா வியாபாரம் இல்லடா, பிடுங்கல்" என்பாள். கணக்குப் போட அவளுக்குக் காகிதம் வேண்டாம், கால்குலேட்டர் வேண்டாம். கல்லாப் பலகைமேல் பொத்தான்களைத் தள்ளுவாள். சட்டைப் பொத்தான் ஒன்று என்றால் ஒன்று, கோட்டுப் பொத்தான் ஒன்று என்றால் பத்து. பீட்டா பள்ளிக்கூடத்தில் எண் படிக்கும் முன்பே அம்மாவின் பொத்தான்களைப் படித்துவிட்டவன்.

காலையில் அவன் எழுந்திருப்பது ஒரு பெரிய தொழில். அம்மா கீழே கடையைத் திறந்துகொண்டே மாடிப்படியைப் பார்த்துக் கத்துவாள். ஒரு நாள் அப்படிக் கத்தும்போதுதான் அவன் போர்வைக்குள் கண்ணைத் திறந்தான். அன்று ஆபீஸுக்கு லேட், ஆனால் தலைக்குள் அடுத்த செயலி தயார். அம்மா குரலில் எழுப்பும் அலாரம். அவரவர் தங்கள் அம்மாவின் திட்டைப் பதிந்து வைத்துக்கொள்ளலாம்.

வெளியிடும் முன் மாதிரிக்கு ஒரு குரல் வேண்டும். அந்த வாரக் கடைசியில் போனை எடுத்துக்கொண்டு கடைக்கு இறங்கினான்.

"எதுக்குடா இது?"

"சும்மா ஒரு மாதிரிக்கும்மா. அப்புறம் எடுத்துடுவேன். நீ என்னை எழுப்பற மாதிரி இதுல திட்டு."

"காசுக்கா, சும்மாவா?"

"சும்மாதான்."

"சும்மான்னா நல்லாவே திட்டலாம்."

திட்டினாள். நூல் அளந்துகொண்டே ஒன்று, சில்லறை எண்ணிக்கொண்டே ஒன்று. 'எழுந்திருடா தடியா, மெத்தைக்கே முதுகு வலிக்குது.' 'நீ தூங்குற அழகுக்கு ஒருத்தி வேற வரணுமா?' 'சீக்கிரம், சீக்கிரம், எனக்கு ஆயிரம் வேலை இருக்கு.' இந்தக் கடைசி வரியின் நடுவில், எலாஸ்டிக் வாங்க வந்து நின்ற தையல்காரர் தம் வழக்கப்படி இரண்டு தடவை இருமினார். மறுபடி எடுக்கலாமா என்று பீட்டா யோசித்தான். மாதிரிதானே என்று விட்டுவிட்டான்.

"கடைசியா அந்தக் கட்டத்தை அமுக்கும்மா."

"அதுல என்ன எழுதியிருக்கு?"

"எனக்கே தெரியாது. வேற ஒரு இடத்துலேர்ந்து எடுத்து ஒட்டினது. எல்லாரும் அமுக்குறதுதான்."

நூல் கட்டை வாங்கினால் நுனியை உருவி இழுத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதவள், மகன் நீட்டியதால் அமுக்கினாள்.

மாதிரிக் குரலை எடுத்துவிட வேண்டும் என்று எழுதித்தான் வைத்திருந்தான். அந்தத் தொழிலில் 'தற்காலிகம்' என்று எழுதி வைத்ததற்குத்தான் ஆயுள் கெட்டி. வெளியிட்ட நாளில் தேய்த்த சட்டையோடு உட்கார்ந்தான். எண்ணிக்கை ஒன்றில் நின்றது. மத்தியானம் ஏழு. சாயங்காலம் எழுநூறு. யாரோ ஒரு மாணவன் தன் விடுதி முழுக்க ஒரே நேரத்தில் இந்த அம்மா கத்துவதைப் படம் எடுத்துப் போட்டிருந்தான். அடுத்த மாதம் நாற்பதாயிரம்.

வேடிக்கை என்னவென்றால், சொந்த அம்மாவின் குரலை யாருமே பதியவில்லை. சொந்த அம்மா திட்டினால் பழைய கதையெல்லாம் ஞாபகம் வரும். அடுத்தவன் அம்மா திட்டினால் சிரிப்பு வரும். எல்லோருக்கும் பொத்தான் கடை அம்மாவே வேண்டும். 'உங்க அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லையா?' என்று ஒருவர் எழுதினார். 'எங்கம்மா போய் ரொம்ப வருஷமாச்சு. காலைல ஒரு குரல் இருக்குன்னு தெரிஞ்சாத்தான் தூக்கமே வருது' என்று இன்னொருவர். இதை அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று நினைத்தான், காட்டவில்லை. எண்ணிக்கையைத்தான் காட்டினான்.

"அம்மா, நாப்பதாயிரம் பேரை நீ எழுப்பறே!"

"நாப்பதாயிரம் பேர் எழுந்துட்டாங்க. நீ எழுந்திருக்கலையேடா."

காசு மட்டும் வரவில்லை. முதல் மாதம் இலவசம் என்று போட்டது யானைக்கு வாசலைத் திறந்துவிட்ட மாதிரி ஆயிற்று. மாதம் முடிந்ததும் ஜனங்கள் செயலியை அழித்துவிட்டுப் புதுப் பெயரில் மறுபடி நுழைந்தார்கள். ஆள் ஏற ஏற சர்வர் வாடகை ஏறியது. பீட்டாவின் சம்பளம் நாற்பதாயிரம் பேரை எழுப்பப் போய்விட்டது. அலாரம் அடிக்காத நாளில் வசவுக் கடிதங்கள் வேறு, அவை அம்மாவின் திட்டுப்போல் இனிக்கவில்லை. ஆபீஸில் மேலாளர் இவன் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைப் பார்த்துவிட்டு, "சொந்தத் தொழில் எப்படிப் போகுது?" என்று சிரிக்காமல் கேட்டார்.

அப்போதுதான் செயலிகளை வாங்கி விற்கும் கம்பெனிக்காரர் ஒருவர் வீடியோ காலில் வந்தார். கருப்புச் சட்டை, சாந்தமான முகம், பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில். செயலியை வாங்கிக்கொள்கிறோம் என்றார். ஒரு விலை சொன்னார். நல்ல லேப்டாப் ஒன்றின் விலை. சொல்லிவிட்டுப் பாட்டிலை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

அவர் மூடியைத் திருகுவதற்குள் பீட்டா "சரி" என்றுவிட்டான்.

ஒப்பந்தத்தில் செயலி, அதன் பயனர்கள், அதில் அடங்கிய ஒலி முதலிய இதரப் பொருட்கள் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டான். லேப்டாப் வாங்கினான். அம்மா கேட்டபோது "வேற ஆள் பாத்துக்கறாங்கம்மா" என்றான். இதரப் பொருட்களில் ஒன்று அப்போது அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது.

எதிர்வரிசையில் பெரிய கடை திறந்தது அதற்கு ஆறேழு மாதம் கழித்து. கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, ஊசி முதல் அலமாரிவரை. கல்லாவில் ஆள் கிடையாது, காசு வாங்க வரிசையாக மெஷின். வாசலில் ஒரு பெண் குரல்: "வாங்க, வாங்க, வெயில்ல நிக்காதீங்க. உள்ள வந்து பாருங்க, வாங்கணும்னு இல்ல."

தெருவே அந்தக் குரலைக் கேட்டு நின்றது. பீட்டா மாடி ஜன்னலில் நின்று கேட்டான். முதல் 'வாங்க'விலேயே அது யார் குரல் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. பதிந்த நாலு வரி கையில் இருந்தால் போதும், அதே குரலில் எதை வேண்டுமானாலும் பேசவைக்க மென்பொருள் உண்டு. ஜன்னலைச் சாத்தினான். கண்ணாடி வழியாகவும் அது வந்தது.

தெரியாதது அம்மாவுக்குத்தான். தன் குரல் வெளியே எப்படிக் கேட்கும் என்று யாருக்குத் தெரிகிறது?

"நல்ல வாய்க்காரிடா" என்றாள். "வாங்கணும்னு இல்லன்னு சொல்றா பாரு, அப்படிச் சொன்னாத்தான் வாங்குவாங்க. என்ன சம்பளம் குடுக்கறாங்களோ. கூட ரெண்டு காசு குடுத்து நம்ம கடைக்கு இழுத்துடலாமான்னு பாக்கறேன்."

"வேண்டாம்மா."

"ஏன்டா, நீயா சம்பளம் குடுக்கப்போறே?"

தையல்காரர் வந்து, "என்னக்கா, அங்கேயும் வேலைக்குச் சேர்ந்துட்டீங்களா?" என்று கேட்டார். அம்மா அதை நக்கல் என்று எடுத்துக்கொண்டு விலையை ஏற்றினாள். நாலு நாளில் இன்னும் மூன்று பேர் அதையே கேட்டார்கள். சனிக்கிழமை கடையைப் பாதி சாத்திவிட்டு, "வாடா, அந்தப் பொம்பளையைப் பாத்துட்டு வரலாம்" என்று மகனைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். வயிற்றுவலி என்றான். "குளிர்ந்த காத்துல சரியாயிடும்" என்றாள்.

உள்ளே பெண்ணைக் காணவில்லை. ஒரு பொத்தான் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு மெஷின் முன்னால் போய் நின்றாள்.

"பன்னெண்டு பொத்தான்" என்றது மெஷின். விலையைச் சொன்னது.

"இந்தப் பொத்தானுக்கா? துவைச்சா உரியற சரக்கு. பாதி வைங்க."

யாராவது விலையைக் குறை சொன்னால் பதில் சொல்ல அதற்குப் பழக்கியிருந்தார்கள். "விலை போட்டது போட்டதுதான். பேரம் பேசாதீங்க."

அம்மா சிரித்தாள். "அடியே, கடைன்னு வச்சா பேரம் இல்லாம எப்படி? பன்னெண்டுக்கு ஒரு கொசுறாவது போடு."

"கொசுறு கிடையாது" என்றது மெஷின். அம்மாவின் வாயிலிருந்து பிறந்த நாள் முதல் வராத வார்த்தை அது. பின்னால் வரிசை நீண்டது. மெஷின் அவசரப்படுத்தியது: "சீக்கிரம், சீக்கிரம், எனக்கு ஆயிரம் வேலை இருக்கு."

அந்தக் குரலுக்குப் பின்னால் யாரோ இரண்டு தடவை இருமினார்கள்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். தையல்காரர் அங்கே இல்லை.

மெஷின் பக்கம் காதைச் சாய்த்தாள். அது பொறுமை இழந்து இன்னொரு தடவை அவசரப்படுத்தியது, இன்னொரு தடவை இருமியது. சீருடைப் பெண் ஒருத்தி ஓடிவந்தாள்.

"என்ன பிரச்சினைம்மா?"

"இந்தக் குரல் யாருது?"

"கம்பெனி குரல்மா."

"கம்பெனிக்குத் தொண்டை இருக்கா?"

அந்தப் பெண்ணுக்கு அம்மாவின் குரல் காதில் விழுந்ததும் கண் மெஷினுக்கும் அம்மாவுக்குமாக அலைந்தது. "எங்களுக்கு அதெல்லாம் தெரியாதும்மா. விலைக்கு வாங்கினதுன்னு சொன்னாங்க. முறைப்படி பில் இருக்காம்."

"வித்தது யாரு?"

அவள் தோளைக் குலுக்கினாள். அம்மா மகனைப் பார்த்தாள். அவன் பொத்தான் பாக்கெட்டின் பின்பக்கத்தை, பரீட்சைத் தாளைப் படிப்பதுபோல் படித்துக்கொண்டிருந்தான்.

கடைக்கு வந்து, சாத்தியிருந்த பாதிக் கதவைத் திறந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்த பிறகுதான் கேட்டாள்.

"எவ்வளவுக்குடா?"

சொன்னான்.

"அவன் எவ்வளவு சொன்னான், நீ எவ்வளவு கேட்டே?"

"அவர் சொன்னதுதாம்மா."

"முதல்ல சொன்னதா? முதல் விலைக்கேவா?"

பீட்டா எலாஸ்டிக் சுருள் ஒன்றை எடுத்துப் பிரித்துப் பிரித்துச் சுற்றினான்.

"விலையைச் சொல்லிட்டு அவன் என்ன பண்ணான்?"

"தண்ணி குடிச்சார்."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "தண்ணி குடிச்சானாடா! விலை சொன்னவன் தண்ணி குடிச்சா என்ன அர்த்தம்? இன்னும் ஏத்தறதுக்கு இடம் இருக்கு, நீ வாயைத் திறன்னு அர்த்தம்! இந்தக் கடையில வளர்ந்த பிள்ளை, அவன் பாட்டிலை மூடறதுக்குள்ள தலையாட்டிட்டு வந்திருக்கே."

"சர்வர் வாடகை கழுத்தைப் பிடிச்சதும்மா. உன் குரலுக்குன்னு தனியா அவங்க ஒண்ணும் கேக்கலை. செயலியைத்தான் கேட்டாங்க. அதோட இதுவும் சேர்ந்து போயிடுச்சு."

இதைச் சமாதானமாகத்தான் சொன்னான். சொல்லி முடித்ததும் அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்தபிறகே அது என்னவென்று புரிந்தது.

"அப்போ எனக்கு விலையே இல்ல" என்றாள் மெதுவாக. "லேப்டாப்புக்கு நான் கொசுறு."

விற்றது அவளுக்குப் பெரிதில்லை. விற்பதற்குத்தான் கடை வைத்திருக்கிறாள். நல்ல விலைக்கு விற்றிருந்தால் தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பாள்.

அடுத்த வாரங்களில் கடை இளைத்தது. அம்மா வாயைத் திறந்து விலை சொன்னால் புது வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். "அங்கே விலை போட்டது போட்டதுதான்னு சொல்றீங்க, இங்கே மட்டும் ஏத்தி இறக்குறீங்களே" என்று ஒருத்தி கேட்டுவிட்டுப் போனாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாசலில் நின்று, "கொசுறு கிடையாது" என்று ராகம் போட்டார்கள். அம்மா ஒருவரைக் கூப்பிட்டால் அவர் எதிர்வரிசையைத் திரும்பிப் பார்த்தார், குரல் அங்கிருந்து வருவதாக நினைத்து.

ஒரு நாள் காலை மகனிடம், "இனி நான் பேசற ஒவ்வொரு பேச்சும் அந்தக் கடைக்கு விளம்பரம்டா" என்றாள். அதோடு பேச்சை நிறுத்தினாள். ஒவ்வொரு டப்பாவிலும் விலைச் சீட்டு ஒட்டினாள். கல்லாவுக்குப் பின்னால் ஒரு அட்டை தொங்கியது: ஒரே விலை. தையல்காரர் வந்து வழக்கம்போல, "எனக்கா, ஊருக்கா?" என்று தானே ஆரம்பித்துப் பார்த்தார். அம்மா அட்டையைக் காட்டினாள். எண்ணிப் பன்னிரண்டு போட்டுக் கொடுத்தாள். அவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, இருமக்கூட மறந்து வெளியே போனார்.

பீட்டா கருப்புச் சட்டைக்காரரை மறுபடி வீடியோவில் பிடித்தான். குரலை மட்டும் திருப்பித் தர முடியுமா என்று கேட்டான். அவர் சாந்தமாக ஒரு தொகை சொன்னார். நூறு லேப்டாப் வாங்கலாம். பாட்டில் பக்கத்திலேயே இருந்தது, அவர் அதைத் தொடவில்லை.

"அம்மாவோட குரல் சார்."

"சம்மதம் கொடுத்திருக்காங்களே. உங்க படிவம்தான் அது. ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க."

அன்று மத்தியானம் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு இறங்கினான். கல்லாப் பலகைமேல் வைத்தான்.

"இதை வித்துக் காசை உன்கிட்ட குடுத்துடறேம்மா. திட்டவாவது திட்டேன்."

அம்மா லேப்டாப்பை ஒரு விரலால் ஓரமாகத் தள்ளினாள், மாட்டாத ஜிப்பைத் தள்ளுவதுபோல். அவன் போனை வாங்கினாள். அதில் பழைய செயலி இன்னும் இருந்தது. அவனே எழுதிய விலையை எடுத்துக் காட்டினாள்: மாதம் ஒரு காப்பி. பிறகு கையைத் தன் இடுப்பளவுக்குத் தாழ்த்திக் காட்டினாள், அவன் முதல் நாள் பள்ளிக்கூடம் போன உயரம், அவள் அவனை எழுப்ப ஆரம்பித்த வயசு.

இரண்டு கோட்டுப் பொத்தான்களைப் பலகையில் வைத்தாள். இருபது வருஷம். பக்கத்தில் ஒரு டஜன் சட்டைப் பொத்தான். பன்னிரண்டு மாதம். அவற்றை வாரிவிட்டு, டப்பாவிலிருந்து கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாக எடுத்து அவன் பக்கம் தள்ள ஆரம்பித்தாள். தன் பக்கம் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. இருபத்துநாலாவதில் டப்பாவை மூடினாள்.

பீட்டா வாழ்க்கையில் முதல்முறையாகப் பேரம் பேசினான்.

"கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதாம்மா?"

அம்மா தலையைத் திருப்பாமல் பின்னால் தொங்கிய அட்டையைக் கட்டைவிரலால் காட்டினாள். எதிர்வரிசையிலிருந்து அவள் குரல் யாரையோ வெயிலிலிருந்து உள்ளே கூப்பிட்டது.

இருபத்துநாலு கோட்டுப் பொத்தான். இருநூற்று நாற்பது காப்பி. வரவு ஒன்றுமில்லை, பாக்கி முழுசும். கொசுறு கிடையாது.